ஒரு கரண்டி பாயசத்துக்கான ஊசி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்களா?

இருக்கிறது. அது மாப்பிள்ளை வீட்டாருக்கான முதல் பந்தி. நான் பெண்ணுக்குப் பெரியம்மா. பெண் வீட்டுக்காரர்கள் எல்லோரும் நின்று பரிமாற, அந்த நீள வரிசையில் எங்கள் பக்கத்து ஆள் ஒரே ஒருத்தி மட்டும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பொரியல் வாளியோடு எதிரே வந்த என் தங்கை மல்லிகா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அந்தச் சூட்டில் அப்பளம் பொரிக்கலாம்.

ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எந்த ரகம் என்று விவரமாக எழுதியதில்லை. டைப் ஒன். இனிப்புத் தின்று வந்ததல்ல. கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். மாத்திரைக்கு இங்கே வேலையில்லை. பாகற்காய் ஜூஸுக்கும் வேலையில்லை. (அடுகோடியில் என் தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், ப்ளவுஸ் அளவு கொடுப்பதற்கு முன்னால் பாகற்காய் யோசனை கொடுப்பார்கள்.) ஊசி இருக்கும்வரை நான் இருக்கிறேன். கணக்கு அவ்வளவு சுலபம்.

பல வருடங்களாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கலப்பு இன்சுலின். என்றைக்கும் ஒரே அளவு. ஊசி சொல்கிற நேரத்தில் நான் சாப்பிட வேண்டும். தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அதற்குப் பெயர் லோ. கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், எதிரில் இருப்பவர் பேசுவது எங்கேயோ தூரத்தில் கேட்கும்.

இதில் என் சங்கடம் என்ன தெரியுமா? பயம் வந்தாலும் எனக்கு இதேதான். கை நடுங்கும், வேர்க்கும், படபடக்கும். நானோ கடை ஷட்டரைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேர்க்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வேர்க்கும்போதெல்லாம் லோ என்று இரண்டு பிஸ்கெட். விரலில் குத்தி மீட்டரில் பார்க்கலாமே? பார்க்கிற நேரத்துக்குள் விழுந்துவிட்டால் — என்று ஒரு பயம். அதற்கும் ஒரு பிஸ்கெட்.

அப்புறம் சர்க்கரை எங்கே இறங்கும்?

இந்த வருடத் தொடக்கத்தில் கண் பரிசோதனைக்குப் போனபோது, விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் தெரிவதாகச் சொன்னார்கள். ஆரம்பம்தான், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்தால் இதோடு நின்றுவிடலாம் என்றார்கள். கட்டுக்குள் வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. நான் தையல்காரி. அன்று கடைக்கு வந்து ஊசியில் நூல் கோர்த்துப் பார்த்தேன். நூல் நுழைந்தது. உருவிவிட்டு மறுபடி கோர்த்தேன். மறுபடி உருவினேன்...

பிரேசர் டவுனில் நான் பார்க்கிற சர்க்கரை டாக்டர் சின்ன வயதுப் பெண். வீட்டில் கன்னடம். தமிழ், எங்களைப் போன்ற நோயாளிகளிடம் கற்றுக்கொண்டது.

"உங்களுக்கு ஹை சுகரைப் பார்த்து பயமே இல்லம்மா. லோவைப் பார்த்துதான் பயம். அதான் எப்பவும் மேலயே வெச்சிருக்கீங்க" என்றார்.

"கடையில தனியா இருக்கேன் டாக்டர். விழுந்துட்டா யாரு பாக்கறது?"

"டென்ஷன் ஆகபேடி, பயப்படாதீங்க. மருந்தை மாத்திடலாம். இவ்வளவு நாள் ஊசிக்கு ஏத்த மாதிரி சாப்பிட்டீங்க. இனிமே சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி ஊசி."

அதாவது, நாள் முழுக்க நிதானமாக வேலை செய்கிற ஊசி ஒன்று. அது தவிர, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால், வேகமாக வேலை செய்கிற ஊசி. தட்டில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறதோ, அதை வகுத்து அதற்குத் தகுந்த யூனிட்.

வகுத்து. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வேர்த்தது.

"நான் எட்டாவதோட நின்னவ டாக்டர். வகுத்தல் எல்லாம் எனக்கு வராது."

அவர் தன் குர்தாவின் தோளைப் பிடித்துக் காட்டினார். "இது இறங்கி இறங்கி வருது. எவ்வளவு பிடிக்கணும்?"

"அரை இஞ்ச்."

"அளக்கவே இல்லையே நீங்க?"

"பாத்தா தெரியுதே."

"சோறும் அப்படித்தான். கொஞ்ச நாள் அளந்து போடுங்க. அப்புறம் பாத்தா தெரியும். குர்தாவையும் நாளைக்கு அனுப்பறேன்."

அளந்தேன். சமையலறையில் ஒரு சின்னத் தராசு வந்து உட்கார்ந்தது. இட்லியை நிறுத்தேன், சோற்றை நிறுத்தேன். சர்க்கரைக்காரர்களுக்கு அமிர்தம் என்று இந்த ஊரே சொல்கிற ராகி முத்தெ என்கிற களியை நிறுத்தேன். முத்தெக்கு ஊசி தேவையில்லை என்று இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்தேனே... என் மீட்டரில் அது சோற்றுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. வீட்டுக்காரர், "என்னையும் நிறுத்துப் பாத்துடு, ஏன் விட்டு வைக்கிற?" என்றார்.

வாரா வாரம் மீட்டர் எண்களை டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். 'நாஷ்டாவுக்கு ஒரு யூனிட் கூட்டுங்க' என்று பதில் வரும். 'மத்தியானம் அப்படியே இருக்கட்டும்' என்று வரும். எனக்குப் பொறுமை போதவில்லை. டக்கென்று இறக்கிவிடலாமே என்று கேட்டேன்.

"கண்ணுல புள்ளி இருக்கும்போது டக்குனு இறக்கினா கண்ணுக்கே கெடுதல். நீங்க ஆல்டரேஷனுக்கு வந்த ப்ளவுஸை மொத்தமா பிரிப்பீங்களா?"

மாட்டேன். ஓரத்தில் ஒரு தையல் பிரிப்பேன், ஒரு தையல் பிடிப்பேன். போட்டுப் பார்க்கச் சொல்வேன். மறுபடி பிடிப்பேன். மருந்தும் ஆல்டரேஷன்தான் என்று புரிந்த பிறகு எனக்கு அது ரொம்பச் சொந்தமாகிவிட்டது. (இதைப் படித்துவிட்டு யாரும் என் கணக்கைத் தன் உடம்பில் போட்டுப் பார்க்காதீர்கள். என் அளவு ப்ளவுஸ் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் டாக்டரிடம் அளவு கொடுங்கள்.)

டாக்டர் இன்னொரு சட்டமும் போட்டார். மீட்டர் கையில் இருந்தால், வேர்த்ததும் முதலில் குத்து, அப்புறம் பிஸ்கெட். மீட்டர் இல்லையென்றால் யோசிக்காமல் இனிப்பைப் போட்டுவிட வேண்டும், அது வேறு. முதல் தடவை, ஒரு பட்டு ப்ளவுஸின் கழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டேனோ என்று வேர்த்தது. நடுங்குகிற விரலில் குத்தினேன். எண் கச்சிதமாக இருந்தது. லோ இல்லை. வெறும் பயம். இத்தனை வருடத்தில் அந்த இரண்டும் வேறு வேறு என்று எனக்கு எழுத்தில், இல்லை, எண்ணில் யாரும் காட்டியதில்லை.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதரையாக இருந்தது. அடுத்த ரிப்போர்ட்டில் எட்டரை. அதற்கடுத்ததில் ஏழே கால். கண்ணில் புள்ளிகள் கூடவில்லை. அந்த ரிப்போர்ட்டைக் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். துணி கொடுக்க வந்த ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, "ரேட் கார்டா அக்கா?" என்றாள்.

"மார்க் ஷீட்" என்றேன்.

சரி, நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன்.

மல்லிகாவின் மகள் நந்தினிக்கு அமைந்த இடம் பெரிய இடம். மல்லிகா நீலசந்திராவில் வாடகை வீட்டில் இருப்பவள், அவள் வீட்டுக்காரர் பெயிண்டிங் வேலை. மாப்பிள்ளை வீட்டார் தலைமுறைகளாக மல்லேஸ்வரத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். அந்தக் காலத்தில் அரசாங்க உத்தியோகம், இப்போது சாஃப்ட்வேர். வீட்டில் பாதி கன்னடம். பையனும் பெண்ணும் ஒரே ஆபீஸ் என்பதால் கூடி வந்த சம்பந்தம். அது எங்கே கையைவிட்டுப் போகுமோ என்று மல்லிகாவுக்கு உதறல்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம் கடைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்காத."

"சொல்லு."

"அந்த ஊசி, மீட்டரு எல்லாம் அவங்க கண்ணுல பட வேணாம். பொண்ணோட பெரியம்மாவுக்கே சுகர்னா, நாளைக்கு பொண்ணுக்கும் வரும்னு நினைப்பாங்க. கல்யாணம் முடியற வரைக்கும்தான்க்கா."

கோபம் வரவில்லை. நந்தினி வாழ்க்கை. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நானே வாக்குக் கொடுத்தேன். எங்கள் ஆட்களோடு கடைசிப் பந்தியில் உட்காருவது, உட்காருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊசி போடுவது. அதுதான் திட்டம்.

திட்டத்தைக் கெடுத்தது சில்க் போர்டு டிராஃபிக். மாப்பிள்ளையின் ஓசூர் சொந்தக்காரர்கள் வந்த வேன் அங்கே மாட்டிக்கொண்டது. தட்டு மாற்றி முடிந்தும் வேன் வரவில்லை. சாயங்காலம் வேறு விசேஷம் இருக்கிறது, ஹாலைக் காலி செய்ய வேண்டும் என்று சமையல்காரர் அவசரப்படுத்தினார். முதல் பந்தியில் இடம் மிச்சமிருந்ததால், "நம்மாளுங்களும் உக்காருங்க" என்று மல்லிகாவே சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்து இலையைக் கைகாட்டி, "அக்கா, உனக்கு இங்க" என்றாள். இலையில் தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது.

நான் பையோடு பெண்ணின் அறைக்குள் போய்க் குத்திப் பார்த்தேன். நல்ல எண். சோறு இவ்வளவு, பாயசம் ஒரு கரண்டி என்று மனதில் கணக்குப் போட்டேன். ஊசியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வேன் வந்துவிட்டிருந்தது.

"நம்மாளுங்க எல்லாம் எழுந்திருங்க, அவங்க உக்காரட்டும்" என்று மல்லிகா சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அதுதானே முறை? என் இலை மட்டும் இன்னும் காலியாக இருந்தது. ஓசூர்க்காரர் ஒருவர் அதை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

போய் உட்கார்ந்துவிட்டேன்.

மல்லிகா வாளியோடு குனிந்தாள். "அக்கா, எழுந்திரு."

"ஊசி போட்டுட்டேன்."

"மெதுவா பேசு. உள்ள வா, சமையல்கட்டுல ஒரு தட்டுல போட்டுத் தரேன்."

எனக்குக் குப்பென்று வேர்த்தது. கை நடுங்கியது. லோவா? ஊசி போட்டு இன்னும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, லோவாக இருக்க வழியே இல்லை. அப்படியானால் பயம். பயம் என்றால் அது ஓரமாக நின்று காத்திருக்கட்டும். ஊசி காத்திருக்காது. அண்டா குண்டானுக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகச் சாப்பிட நான் என்ன தப்பு செய்தேன்?

அதற்குள் சம்பந்தியம்மா திரும்பிவிட்டார். "ஏனாயித்து? என்ன ஆச்சு?"

மல்லிகாவின் முகம் வெளுத்தது. நான் அவளைப் பார்க்கவில்லை.

"எனக்கு டைப் ஒன் சுகருங்க. இப்பதான் இன்சுலின் போட்டேன். அடுத்த பந்தி வரைக்கும் தாங்காது. இப்ப சாப்பிடணும்" என்றேன். "என் உடம்புல மட்டும் இருக்கறது. நந்தினி நல்லா இருக்கா. கேக்கணும்னா எங்க டாக்டரையே நீங்க கேக்கலாம்."

சம்பந்தியம்மா என்னையே பார்த்தார்.

"பாயசம் சாப்பிடலாமா நீங்க?"

"ஒரு கரண்டி சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கேன்."

அவர் நிமிர்ந்து ஓசூர்க்காரரிடம், "நீ அடுத்த பந்தியில உக்காருப்பா, ஹோகு" என்றார். பிறகு மல்லிகாவிடம், "என்னம்மா நிக்கறீங்க? இவங்க இலைல முதல்ல சோறு போடுங்க."

சோறு வந்தது. சாம்பார் வந்தது. பாயசத்தை மல்லிகாவே கொண்டுவந்தாள். ஒரு கரண்டி ஊற்றினாள். கோபமா, அழுகையா தெரியவில்லை, இன்னொரு கரண்டியை மொண்டு என் இலைக்கு மேலே நீட்டினாள்.

கையை நீட்டித் தடுத்தேன். "ஒரு கரண்டிக்குத்தான் ஊசி."

"கறாரா இருக்கீங்களே" என்று சம்பந்தியம்மா சிரித்தார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் குத்திப் பார்த்தேன் — ஹாலில், எல்லோர் கண்ணிலும் படும்படி. தைத்துப் போட்டது போல இருந்தது எண்.

(டாக்டர் கேட்டுவிட்டு, "பந்தியில மட்டும் இலைல சோறு விழுந்த அப்புறம் போட்டுக்கோங்க" என்று இன்னொரு ஆல்டரேஷன் செய்திருக்கிறார்.)

மல்லிகா என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமையும் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை கடையில் இருக்கும்போது போன் வந்தது.

"சம்பந்தியம்மா பேசினாங்க. உன்னைப் பத்திதான்."

வேர்த்தது. நடுங்கியது. படபடத்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு விரலில் குத்தினேன். நூற்றுப் பதினெட்டு. லோ இல்லை.

"என்ன சொன்னாங்க?"

"முகூர்த்தப் புடவைக்கு நீதான் ப்ளவுஸ் தைக்கணுமாம்" என்றாள் மல்லிகா. "அப்புறம், கல்யாணத்தன்னிக்கு முதல் பந்தியில அவங்க பக்கத்துலயே உனக்கு ஒரு இலையாம். நீ இப்பவே மாப்பிள்ளை வீட்டு ஆளா ஆயிட்ட போ."

மேஜை இழுப்பறையில் பிஸ்கெட் பாக்கெட் இருக்கிறது. நிஜமாக லோ வந்தால் அதற்கு. பயத்துக்குத் தீனி போடுவதை நான் நிறுத்தி மாதக்கணக்காகிறது.