இல்லேன்னா பீன்ஸ்

"ரோலக்ஸ் இருக்கா? இல்லேன்னா சப்பாத்தி."

பல வருடங்களாக செம்வாங்கா இப்படித்தான் கேட்கிறான். சப்பாத்திக்குள் முட்டை சுருட்டிய ரோலக்ஸ் கண்ணெதிரே கல்லில் வெந்துகொண்டிருந்தாலும் கேள்வி மாறாது. வாண்டேகேயா சந்திப்பில் வாடகை மோட்டார் சைக்கிள்காரனிடமும், "நடேட்டே போவியா? இல்லேன்னா பாதி வழி" என்பான்.

"இல்லைன்னு யாராவது மொட்டையாச் சொன்னா அடுத்து என்ன செய்யறதுன்னே தெரியல" என்று ஒருமுறை சாப்பாட்டுக்கடைக்காரி நகிட்டோவிடம் சொன்னான்.

சனிக்கிழமைதோறும் அவளிடம் கேட்பது ஒன்று உண்டு. "நாளைக்கு என்டெபே ஏரிக்கரைக்கு வர்றியா? இல்லேன்னா ஒரு டீ." ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பவள் அவள். முதல் பாதியோடு இவன் நிறுத்த மாட்டானா என்று காத்திருப்பாள். நிறுத்த மாட்டான். டீயை ஊற்றி நீட்டுவாள்.

அவன் பைதான் மொழியில் எழுதுகிற கணினி நிரலும் அவனைப் போலத்தான். அதில் அகராதி என்று ஓர் ஏற்பாடு. பெயரைச் சொன்னால் அதற்குள் வைத்ததை எடுத்துத் தரும். சதுர அடைப்புக்குறிக்குள் கேட்ட பெயர் அங்கே இல்லையென்றால் நிரல் நின்றுவிடும். 'கெட்' போட்டுக் கேட்டால் நிற்காது, மாற்றாகச் சொல்லிவைத்ததைத் தந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். செம்வாங்காவுக்கு எங்கும் 'கெட்'தான். நகிட்டோவின் கடைக்குப் போனில் ஆர்டர் எடுக்கும் நிரலில் அவன் வைத்த மாற்று, பீன்ஸ்.

ஆட்டு வறுவலைப் பலகையில் புதிதாக எழுதினாள் நகிட்டோ. அகராதியில் யாரும் சேர்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வரும் கல்யாண அறிமுகச் சடங்குக்கு வறுவல் கேட்டு ஆர்டர் வந்தது. சமையலறைக்குப் போன சீட்டில் பீன்ஸ் என்று இருந்தது. அண்டா அண்டாவாக பீன்ஸ் போய் இறங்கியது.

பெண்ணின் அத்தை போனில் கத்தினாள். "ஏம்மா, மாப்பிள்ளை வீட்டார் சீருக்குப் பசுமாடு ஓட்டிட்டு வந்து உக்காந்திருக்காங்க. நான் பீன்ஸா பரிமாறுறது?"

அன்றே ஆட்டு வறுவலோடு ஓடி, மன்னிப்புக் கேட்டுத் திரும்பிய நகிட்டோ, செம்வாங்காவைப் பிடித்துக்கொண்டாள். "இல்லாததைக் கேட்டா நிக்கணும்யா! நின்னாத்தானே எங்கே ஓட்டைன்னு தெரியும்? உன்னை மாதிரியே ஒரு நிரலைப் பெத்து வச்சிருக்கே!"

அவன் அங்கேயே உட்கார்ந்து 'கெட்'டையெல்லாம் எடுத்துவிட்டுச் சதுர அடைப்புக்குறி போட்டான். மடிக்கணினியை மூடிவிட்டு நிமிர்ந்தான்.

"நகிட்டோ, நாளைக்கு ஏரிக்கரைக்கு வர்றியா? இல்..."

சட்டென்று தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். பொத்திய கையை எடுக்கவே இல்லை.

நகிட்டோ டீக் கெட்டிலை எட்டத் தள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அந்தக் கடை திறப்பதில்லை.