பிரேக் அக்காவின் ஜிப் சோதனை

என் வீட்டுக்காரி லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட் நல்லாத்தாங்க ஓடுது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அந்தக் கட்டிடத்தை விட்டு லேசில் கிளம்ப மாட்டாள். வீட்டிலும் அதே கதைதான். அடுப்பை அணைத்தேனா என்று நான் படுத்த பிறகு கேட்பாள். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால், தானும் ஒருமுறை போய்ப் பார்ப்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இப்படிப்பட்டவளிடம் போய் மலையோட்டப் பந்தயத்தின் கணவாய்ச் சாவடியை ஒப்படைத்தார்கள். பாதி மலை ஏறி வருபவர்கள் அங்கே நின்றுதான் உச்சிக்குப் போக வேண்டும். ஓட்டக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. போன வருடம், மேகம் இறங்குகிறது என்று பந்தயத்தையே அங்கே நிறுத்திவிட்டாள். ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. எல்லாரும் அவளை வாயில் போட்டு மென்றார்கள். நிறுத்தப்பட்டவர்களில் எங்கள் மகளும் ஒருத்தி. அன்றைக்கு அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினாள். பிறகு பல நாள் பேச்சே இல்லை. உப்பு வேண்டுமென்றாலும் என் வழியாகத்தான் கேட்பாள்.

"எல்லாத்தையும் நீயே முடிவு பண்ணினா, அவங்க உடம்பை அவங்க எப்பத்தான் பார்த்துக்கிறது?" என்று நானும் கத்தினேன். அதை அவள் யோசித்திருக்கிறாள். இந்த வருடம் புது ஏற்பாடு. சாவடிக்கு வருபவர்கள் பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்து, யார் உதவியும் இல்லாமல் மாட்டி, கழுத்துவரை ஜிப் போட வேண்டும். குளிரில் விரல் விறைத்தவர்களால் முடியாது. அவர்கள் இறங்க வேண்டியதுதான். போட்டுவிட்டால், மேலே போவதும் திரும்புவதும் அவரவர் பாடு. அவள் குறுக்கே வர மாட்டாள்.

பந்தய நாளன்று நான் கூடாரத்தில் வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். காற்று கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. மகள் வந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்த உச்சியைத் தொட்டுவிட வேண்டும் என்று வருடக்கணக்காக விடியுமுன் எழுந்து ஓடியவள் அவள். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது ஜிப் கழுத்துவரை ஏறியிருந்தது.

என் வீட்டுக்காரி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விட்டால் பெண்ணைப் பிடித்து இழுத்துவிடுவோமோ என்று அவளுக்கே பயம்.

"போகலாம்," என்றாள்.

மகள் நாலடி வைத்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"அம்மா, கையால போடலை. பல்லால இழுத்தேன்."

"யாரும் உதவி பண்ணலையே? நான் கேட்டது அவ்வளவுதான். நீ போகலாம்."

அடிப்பாவி, பெற்ற பெண்ணிடமா சட்டம் பேசுவாய்! வாய்வரை வந்ததை எப்படியோ விழுங்கினேன். அப்போதுதான் என் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது.

"போகலாம்தான்," என்றாள் மகள். "மேல ஷூ கயிறு அவிழ்ந்தா அதையும் பல்லாலயா கட்டறது? நான் இறங்கறேம்மா."

கால்சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றப் பார்த்தாள். ஊக்கு விரலுக்கு அகப்படவில்லை. அம்மாதான் கழற்றினாள். கழற்றிவிட்டு, அந்த விறைத்த கைகள் இரண்டையும் இழுத்துத் தன் ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மகள் விம்மி விம்மி அழுதாள். "போன வருஷம் நீ நிறுத்தினே, உன்னைத் திட்டினேன். இப்ப யாரைம்மா திட்டறது?"

"என்னையே திட்டுடி," என்றாள் என் வீட்டுக்காரி. "கை சூடாகிற வரைக்கும் திட்டு."