தனக்கோடி அணைக்காத கற்பூரம்

சினை மீன் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் தனக்கோடிதான் என்று குழாயடியில் நின்று பேசுகிறீர்களே, அவன் காட்டிக்கொடுக்கவில்லை. நூறு தரம் கேட்டாலும் இதுதான் பதில். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் குடத்தைத் தூக்குங்கள்.

மீன் முட்டையிடும் தடைக்காலம் அது. கடலில் சினை மீன் எவ்வளவு இருக்கிறதென்று ஆராய வந்த சூர்யகலா, தனக்கோடியின் பைபர் படகைக் கேட்டாள். படகின் ஓரத்தில் கம்பியைக் கட்டி, அதன் நுனியில் ஒரு கருவியைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். அது கீழே ஒலியை அனுப்பும். ஒலி மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பினால் திரையில் சிவப்புத் திட்டு விழும். படகு கோணாமல் நேராகப் போய் நேராகத் திரும்ப வேண்டும். தனக்கோடிக்கு அதைப் பார்க்கவே சரியாக இருந்தது. கம்பியைப் பிடிக்க, மனைவி பொன்னியின் தம்பி கலையரசனை ஏற்றிக்கொண்டான். கல்யாணம் ஆகும்வரை தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போட்ட மச்சான்.

ஒருநாள் உப்பளத்துக்கு நேர் கிழக்கே திரை முழுக்கச் சிவந்தது. வலை விட்டுப் பார்த்தால், அத்தனையும் சினையால் வயிறு புடைத்த, மத்தி இனக் கவலை மீன்.

"அண்ணா, இந்த எடம் வெளிய தெரிய வேணாம்," என்றாள் சூர்யகலா.

"என் வாயில வராதும்மா."

கலையரசன் சிரித்தான். "மாமா வாய் சோத்துக்கு மட்டும்தான்க்கா தொறக்கும்."

மறுவாரமே எங்கிருந்தோ, தடை செய்யப்பட்ட சுருக்குமடி வலைக்காரர்கள் வந்து, அதே இடத்தை வளைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஊர் கொதித்தது. இடம் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் இரண்டே பேர். படகுக்காரன் முதலில் அம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், அடுத்து மச்சான் செய்யட்டும், மறுப்பவன்தான் குற்றவாளி என்றார்கள் பஞ்சாயத்தார். தனக்கோடிக்கு நிம்மதியாகிவிட்டது. பொய்யென்றால்தானே கை சுடும்?

சத்தியத்தன்று காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வாசலுக்கு வந்தான். பொன்னி எதிரே வந்து வழியை மறித்தாள்.

"நீ போவ வேணாம். நீ அணைக்க மாட்டேன்னுட்டதா பஞ்சாயத்துல நானே போய் சொல்லிட்டேன்."

"இன்னாடி சொல்ற?"

"நீ அணைச்சா அடுத்து அவன் அணைக்கணும். அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. பொய்ச் சத்தியம் பண்ணா புள்ளைக்கு ஆவுமா? ஊரு உன்ன நாலு நாளு பேசும், அப்புறம் மறந்துடும்."

"அப்போ அவன்தான்னு உனக்குத் தெரியும்."

"அன்னிக்கே வந்து காலப் புடிச்சிட்டு அழுதான்யா."

தனக்கோடியின் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு நாளும் தட்டில் சோறு வைத்துவிட்டு, 'யாருய்யா சொல்லியிருப்பான்?' என்று அவனோடு சேர்ந்து யோசித்தவள் இவள்தான். ஒவ்வொரு பேராகச் சொல்லி, இவனாக இருக்குமோ, அவனாக இருக்குமோ என்றவளும் இவள்தான்.

கோயில் இடது பக்கம். இப்போது போனாலும் அணைக்கலாம், பேர் பிழைத்துவிடும். ஆனால் பிறக்காத பிள்ளையின் மேல் கை வைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

வேட்டியைக்கூட மாற்றாமல் வலது பக்கம் திரும்பி, பஸ் ரோட்டுக்கு நடந்தான்.

"யோவ், சோறு துன்னுட்டாவது போய்யா!" என்று பின்னாலிருந்து பொன்னி கத்தினாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.