முதல் மணி நேரத்து வாழைப்பழம்

திருவொற்றியூர் டயாலிசிஸ் நிலையத்தில் என் பக்கத்துக் கட்டில் அவருடையது. காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவர். கூவிக் கூவிக் கரகரத்துப்போன குரல்; வீங்கிய கால்கள். மெஷின் ஓடத் தொடங்கியதும் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, ஏலத்துக்கு வந்த மீனைப்போல உயர்த்திக் காட்டுவார்.

முதல் நாள் நான் பதறிப்போனேன். "நமக்கு இது ஆகாதேண்ணே! பொட்டாசியம் ஆச்சே."

"வூட்ல துன்னாதான் பேஜாரு நைனா. இங்க ஃபில்டர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க கீது. பொட்டாசியம் சிறுசு, பூந்து போய்டும். ரத்த அணு பெர்சு, நின்னுடும்."

"நல்லது சிறுசா இருந்தா?"

"அதுவும் போவும். நல்லது கெட்டது ஓட்டைக்கு இன்னா தெரியும்?"

முதல் மணி நேரத்துக்குள் தின்றால் மீதி நேரத்தில் மெஷின் அதை வடித்துவிடும் என்பதால் நர்ஸம்மா கண்டுகொள்ளமாட்டார். எங்கள் இருவருக்குமே ஒரு கையில் ஊசி. அதனால் அவர் பழத்தைப் பிடித்துக்கொள்வார். நான் உரித்துப் பாதியைப் பிட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் மெஷின் ஓடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே அவருக்கு பிரஷர் இறங்கிவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பழத்தை என் நெஞ்சின்மேல் வைத்தார்.

"என்னுது நின்னுபோச்சு. உன்னுது ஓடிகினு கீது. நீ துன்னு."

பிறகு அவர் வரவேயில்லை. விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவரைக் கொண்டுபோன அன்று, ஒற்றைக் கையால் அந்தப் பழத்தை உரிக்கப் பார்த்தேன். பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் அது உருண்டுகொண்டே இருந்தது.