வண்டி ஆஃப்ல இருந்தும் பம்பு அண்ணனுக்குக் கேட்ட சத்தம்

பம்பு அண்ணன் போய்விட்டார். நேற்று சாயங்காலம், ஹார்ட் அட்டாக்... இன்று காலை ஐஸ் ஏற்றும்போதுதான் சொன்னார்கள்.

செல்வராசு என்றால் உழவர்கரையில் பாதிப் பேருக்குத் தெரியாது. டீசல் பம்பு அண்ணன் என்றால் தெரியும். வீட்டுக்கே வந்து வண்டியின் டீசல் பம்புக்குச் செட்டிங் பார்ப்பார். கனகசெட்டிக்குளத்திலிருந்து நான் மீன் ஏற்றிவரும் ஓட்டை வண்டி இன்னும் ஓடுவது அவரால்தான்.

மீட்டர் கிடையாது, மெஷின் கிடையாது. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொள்வார். "செத்த வாய மூடும்மா" என்பார். என் வாயை அடைத்த ஒரே ஆம்பளை.

ஒருமுறை வீடியோ பார்த்து நானே ஸ்க்ரூவைத் திருகி, தெரு முழுக்கப் புகை. "மீன வித்தமா, வூட்டுக்குப் போனமான்னு இரு. இதுல கை வச்சே, கைய ஒடிப்பேன்" என்று கத்தினார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். பம்பு ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினார், வண்டி சுத்தமாக ஓடியது. சாவியைத் திருப்பி ஆஃப் செய்தேன். அவர் மறுபடி ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார்.

"ஒண்ணு விட்டு விட்டு அடிக்குதும்மா."

"அண்ணே, வண்டி ஆஃப்ல இருக்கு!"

"தெரியுது... ஆனா நிக்கலியே."

எழுந்து போய் காம்பவுண்டு சுவரில் வைத்துக் கேட்டார். அப்புறம் தண்ணி டிரம்மில். அப்புறம் பாத்ரூம் கதவில்... "இங்கயும் அதே சத்தம்" என்றார். முகமெல்லாம் வியர்வை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "மொதல்ல காத சர்வீஸுக்கு வுடுண்ணே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. டீயைக்கூடத் தொடாமல் போய்விட்டார்.

இன்று அவர் வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ரெண்டு வாரமா நெஞ்சு விட்டு விட்டு அடிக்குதுன்னாரும்மா... கேஸு கேஸுன்னு சொல்லியே வுட்டுட்டோம்."

சுவரிலும் டிரம்மிலும் கதவிலும் அந்த மனுஷன் கேட்டது அவருடைய நெஞ்சையே.

அன்றைக்கு வண்டி ரெடியாக நின்றது. சாவி என் கையில். கோரிமேட்டு ஆஸ்பத்திரி கால் மணி நேரம்.

பாவி, நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

போய்ட்டு வாங்கண்ணே... என்ன மன்னிச்சிடுங்க.