மூன்று சேலைகளுக்கு ஒரே பிறந்தநாள்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு கியூஆர் கோடு ஒட்டவேண்டும் போலிருக்கும் எனக்கு. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வரும்போது, எதிரே யார் மடியிலோ இருக்கும் தூக்குவாளியை மனத்துக்குள் ஸ்கேன் செய்வேன். எங்கே பிறந்தாய், எத்தனை கை மாறினாய், கைப்பிடியைப் பற்றவைத்தது யார்? வாளி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரும். நான் இறங்கவேண்டிய இடம் போய்விடும்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு வியாபாரியிடம் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு சேலைக்கும் ஓர் அடையாள எண். அந்தக் கறுப்புச் சதுரத்தைப் போனில் திறந்தால் சேலையின் முழு வாழ்க்கையும் தெரியவேண்டும். சாயம் ஏறிய நாள், தறி, தொடங்கிய தேதி, முடித்த தேதி. அப்புறம் வாங்கியவர், சலவை, பழுது, கடைசியில் ஜரிகையை உருக்கும் நாள்வரை கட்டங்கள். வரைந்தது நான்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும்போது, சேலைகள் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்த்துக்கொண்டு போகும்.

அப்படி ஒரு மதியத்தில்தான் அந்த மெயில் வந்தது. வாங்குகிறவர்களின் மென்பொருள் எங்கள் மூன்று சேலைகளைச் சிவப்பில் நிறுத்தியிருந்தது. ஒரே தறி, ஒரே தொடக்கம், ஒரே முடிவு. ஒரு கைத்தறியில் ஒரே நேரத்தில் மூன்று சேலை எப்படி? விசைத்தறியாக இருக்கலாம் என்று சந்தேகம். நாளை மாலைக்குள் ஆதாரம் இல்லையென்றால் மூன்றும் திரும்பிவிடும். அந்தத் தறியை இனிச் சேர்க்கமாட்டார்கள்.

அந்தத் தறி ஒரு கணவன் மனைவியுடையது. அண்ணன் தறிக்குக் கீழே உள்ள குழியில் காலை இறக்கி நடுவில் உட்காருவார். அக்கா வலது ஓரத்தில் உட்கார்ந்து, கரைக்குரிய வேறு நிற நூலைக் கோத்துத் தருவார். ஷேர் ஆட்டோ நிற்பதற்குள் இறங்கி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மெஷின்னா சொல்றாங்க?" அண்ணன் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். "இருபத்தஞ்சு வருசமா இந்தக் குழியில உக்காந்துக்கினு இருக்கறேன். என் முட்டிய வந்து பாக்கச் சொல்லுமா."

"உன் முட்டியப் பாக்க ஃப்ளைட்டு ஏறி வருவாங்களா? சும்மா இருய்யா," என்றார் அக்கா. "நீ என்னாமா எழுதின?"

"நீங்க சொன்னதத்தான்கா. எப்ப ஆரம்பிச்சீங்கன்னு கேட்டேன், பாவு ஏத்துன நாளச் சொன்னீங்க. எப்ப முடிச்சீங்கன்னு கேட்டேன், அறுத்த நாளச் சொன்னீங்க."

"வேற எதச் சொல்றது?"

சரிதான். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற நூல். ஒரு பாவில் மூன்று சேலை. மூன்றும் முடியாமல் பாவில் கத்தி வைப்பதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். முடிந்த சேலை உருளையில் சுருண்டு காத்திருக்கும். அதன்மேல் அடுத்தது சுருளும். தறிக்கு ஓய்வு தரும் அமாவாசைக்கு முதல்நாள் மூன்றையும் சேர்த்து அறுப்பார்கள். அவர்களுக்கு அது ஒரே பிரசவம். சேலை எந்த ஊர் மேகத்தைப் பார்க்கப்போகிறது என்று கனவு கண்ட நான், ஒரு பாவு முடியும்வரை கூட நின்று பார்த்ததில்லை.

"நடுவுல ஒவ்வொண்ணும் என்னிக்கு முடிஞ்சிது? ஞாபகம் இருக்குதாக்கா?"

"தேதி யாருக்குமா தெரியும்? மொதச் சேலையோட முந்தி முடிஞ்சன்னிக்கு அறுபத்துமூவர் ஊர்வலம். கடைசி நாலு வெரலு பாக்கி, இந்தாளு எழுந்து ஓடிட்டாரு."

"சாமி பாக்கப் போனேன்."

"மோர் குடிக்கப் போன. வந்துதான் முடிச்ச. ரெண்டாவது, சித்திரை ஒண்ணு, வெளக்கு வைக்கற நேரம்."

என் காதில் மேளம் கேட்டது. தெரு நிறையச் சாமிகள் போக, உள்ளே ஒரு முந்தி நாலு விரல் பாக்கியோடு காத்திருக்கிறது. எந்தக் கட்டத்திலும் அடங்காத தேதி. ஆனால் மென்பொருளுக்கு மேளம் கேட்காதே. "அவங்க நம்பணுமேக்கா," என்றேன்.

அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார். தாமலில் இருக்கும் தங்கைக்கு அனுப்பிய வாட்ஸ்அப். மேலே தள்ளத் தள்ள குட்மார்னிங் ரோஜாக்கள், தாமல் ஏரி நிரம்பிய படம், மறுபடி ரோஜாக்கள். நடுவில் தறியிலேயே இருக்கும் ஒரு முந்தி. கீழே நாள், நேரம். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அறுபத்துமூவர் ஊர்வலத்தன்றே. இன்னும் கீழே, தமிழ்ப் புத்தாண்டு மாலையில், இரண்டாவது.

"தங்கச்சிகிட்ட பீத்திக்கத்தான் அனுப்புவா," என்றார் அண்ணன்.

"பீத்துனதாலதான் உன் மானம் தப்பிச்சிது."

படங்களை அன்றே அனுப்பினேன். மறுநாள் மூன்றும் பச்சையாகின. சொல்ல ஓடினேன். அக்காவுக்கு அதைப் பார்க்கவேண்டும். முதல் சேலையின் பக்கத்தைப் போனில் திறந்து கொடுத்தேன். ஒவ்வொரு கட்டமாக விரலால் தள்ளிக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றார்.

"இது என்னாமா காலியா இருக்குது?"

"சேல நைஞ்சு, ஜரிகைய உருக்கிட்டா அந்த நாள எழுதுவாங்கக்கா."

"பொறந்து பத்து நாளு ஆகல, சாவுக்கு எடம் வுட்டு வச்சிக்கிறியே! மூடுமா அத. மொதல்ல யாராவது கட்டட்டும்."

மூடினேன். தறியில் புதுப் பாவு ஏறியிருந்தது. சுவர்வரை நீண்ட மாந்தளிர் நிற நூலில், இன்னும் நெய்யாத மூன்று சேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. எது எங்கே முடியும் என்று கண்ணாலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

"உன் நம்பரச் சொல்லு," என்றார் அக்கா. "முந்தி முடியறப்ப உனக்கும் போட்டோ போடறேன். ஆனா ரோஜாவும் வரும், திட்டக்கூடாது."