மிதக்கும் பச்சரிசி

எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம், தகரக் கொட்டிலுக்குள் ஒரு மெசின் இருக்கிறது. பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, பலூன் மாதிரி மேலே ஊதி, பொலித்தீன் பையாக்குகிற மெசின். சம்மாந்துறையில் ஒரு பெரிய அரிசி மில்லுக்கு ஐந்து கிலோ, பத்துக் கிலோப் பைகள் ஊதிக் கொடுப்பதுதான் எனக்கும் என் மனிசனுக்கும் பிழைப்பு. சில்லறைக் கடைக்காரர்களும் வாங்குவார்கள். ஆனால் அந்த மில் கைவிட்டால் எங்களுக்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சொல்லுக்காக ஏன் இந்தப் பொம்பளை இப்படிக் கத்துகிறாள் என்று நினைப்பீர்கள்.

அந்த மணிகளுக்கு எங்கள் கொட்டிலில் பெயர் அரிசி. வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் கம்பனிகள் செய்து அனுப்புவது, கொழும்பில் இறங்கி எங்களிடம் வரும். மூடையில் அரபு எழுத்திருக்கும். பிளாஸ்டிக்கின் தரத்தைத்தான் எழுதியிருப்பார்கள் என்று தெரியும். என்றாலும் ஓதுகிற எழுத்தைக் காலால் மிதிக்க மனம் வராமல், வெறும் மூடையைக்கூட மடித்து உயரத்தில் வைப்போம். புது மணி பச்சரிசி. கழிவுப் பிளாஸ்டிக்கை ஒருமுறை உருக்கி வெட்டியெடுத்தது புழுங்கல். வயலுக்கும் மில்லுக்கும் நடுவில் வளர்ந்தவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

கொழும்பிலேயே மணி கிடைக்காமல் மெசின் குளிர்ந்து கிடந்த காலம் அது. கடைசியில் ஒரு நாள் காலையில் லொறி வந்தது. என் மனிசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. போனை எடுத்து, மில்லில் வேன் ஓட்டும் பையனுக்கு வொய்ஸ் போட்டார்.

"தம்பி, பச்சரிசி வந்திட்டு! இப்ப உருக்கத் தொடங்கினா நாளைக்கு அஸருக்குள்ள ஹாஜியார்ர மில்லுக்கு ஏத்தலாம்."

அந்த அறுவான் அதைப் பகிடிக்கென்று தன் கூட்டாளிமாரின் குறூப்பில் போட்டிருக்கிறான். நல்ல பகிடி! பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குள் அது பாலமுனை வரை போய்விட்டது. பிளாஸ்டிக் அரிசி நாட்டுக்குள் வந்துவிட்டது, சோற்றை உருட்டி அடித்தால் பந்து மாதிரித் துள்ளுது என்று ஏற்கெனவே ஊரெல்லாம் ஒரே கதை. இப்போது ஆளும் அகப்பட்டு, குரலும் அகப்பட்டு, மில்லும் அகப்பட்டது. பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உண்மையாத்தானா புள்ள?" என்றா. "ஓம் ராத்தா, உங்களுக்கும் ரெண்டு சுண்டு அளந்து தரட்டா?" என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டு அழுதேன்.

விளக்கம் சொன்னால் சனம் விளங்கிக்கொள்ளும் என்று என் மனிசன் நம்பினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் கேற்றடியில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார். ஒரு கையில் உண்மையான அரிசி, மறு கையில் எங்கள் மணி. அரிசியைப் போட்டார், தாழ்ந்தது. மணியைப் போட்டார், மிதந்தது.

"பாத்தீங்களா, மிதக்குது! பிளாஸ்டிக்தான்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"பிளாஸ்டிக் எண்டுதானே நானும் சொல்றன்!" என்று இவரும் கத்தினார்.

அவ்வளவுதான். அதை வீடியோ எடுத்து, பிளாஸ்டிக்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார் என்று அனுப்பினார்கள். நான் அடுப்படியில் நின்று அதைப் பார்த்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு, தொப்பி சரிந்துபோய், யாரைப் பார்த்துக் கதைப்பது என்று தெரியாமல் அவர் சுற்றிச் சுற்றித் திரும்புகிறார். யா அல்லாஹ், என் பகையாளிக்கும் அப்படி ஒரு நிலை வரக்கூடாது.

அடுத்த நாள் இரண்டு பேருமாக சம்மாந்துறைக்குப் போனோம். மில் முதலாளி ஹாஜியார் நல்ல மனிசன், இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தார். முற்றத்தில் நெல் மூடைகளோடு ட்ரக்டர்கள் நின்றன, அரிசி ஏற்ற ஒரு லொறியும் இல்லை.

"எனக்குத் தெரியாதா தம்பி? எத்தின வருசமா உங்கட பேக்கிலதானே அரிசி போடுறன்" என்றார். "ஆனா சனத்துக்கு நான் என்னத்தச் சொல்ற? உங்கட பேரக் கேட்டாலே அரிசியத் தொட மாட்டானுகள். கொஞ்சம் பொறுங்க. மறுகா பாப்பம்."

என் மனிசன் தலையை ஆட்டினார். எனக்கு வாய் நிற்கவில்லை. "அந்த வொய்ஸில சொன்னது அரிசி இல்ல, பேக் செய்யிற சாமான் எண்டு நீங்க ஒரு வொய்ஸ் போட்டா என்ன ஹாஜியார்?" என்று கேட்டேன். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார். எழும்பி வந்தோம்.

பொறுத்தோம். மெசினில் கூலிக்கு நின்ற இரண்டு பையன்களும் வேறு இடம் தேடிப் போனார்கள். மிச்சப் பச்சரிசி மூடைகள் பிரிக்காமலே கிடந்தன. போன் அடிக்கும் போதெல்லாம் மில்லாக இருக்குமோ என்று நான் ஓடினேன்.

மாதம் ஒன்று கழிந்திருக்கும். கல்முனை பசாரில் சாமான் வாங்கப் போனோம். கடை வாசலில் ஹாஜியாரின் அரிசி அடுக்கியிருந்தது, சனம் முண்டியடித்து வாங்கியது. புதுப் பைகள். கொழும்பில் அடித்தவை. பளபளவென்ற பொலித்தீனில் பெரிய சிவப்பு எழுத்து: "பிளாஸ்டிக் அற்ற தூய அரிசி."

என் மனிசன் ஒரு பையைத் தூக்கினார். விளிம்பை இரண்டு விரலால் உரசிப் பார்த்தார், ஒட்டிய அடிப்பக்கத்தை இழுத்துப் பார்த்தார். சிரிப்பார் என்றோ ஏசுவார் என்றோ நினைத்தேன்.

"நல்ல கனமாத்தான் ஊதியிருக்கான்" என்றார்.

வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அந்தப் பையையே வாங்கிக்கொண்டு வந்து சோறாக்கினேன்.